பீடத்துக்கு முன்னால் பூசணிக்காய்

ஞாயிற்றுக்கிழமை, பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி போகும் பஸ். முன் சீட்டில் இருந்த பெண், வழியில் ஏறிய தோழியிடம் சொன்னாள்:

"பெல்மதுளைக் கோயில்ல அறுவடைப் பூசைக்குக் கொண்டுபோன பூசணிக்காயப் பீடத்துக்கு முன்னால வச்சுட்டு, பாதிப் பூசையில எந்திரிச்சு வந்துட்டேன் அக்கா."

"ஏண்டி?"

"மனஸ்தாபம் இருந்தா காணிக்கைய அங்கேயே வச்சுட்டுப் போயி, மொதல்ல சமாதானமாகணுமாம். சுவிசேஷத்துல இருக்குன்னு ஃபாதர் சொன்னாரு. அதான் லயத்துல பக்கத்துக் காம்பராவுல இருக்கிற செல்விகிட்டப் பேசப் போறேன்."

"ரெண்டு மாசமா நீ அவ மொகத்தையே பாக்கலையே. அப்படி என்ன சண்டை?"

"அவ வச்ச கொடி எங்க வாசப்பக்கம் வந்து காய்ச்சுச்சு. எங்க பக்கம் காய்ச்சது எங்களுக்குத்தான்னுட்டேன்."

"என்ன கொடி?"

"பூசணி."

"அந்தக் காய் இப்ப எங்கடி?"

அவள் எழுந்து மணியை அடித்தாள். அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பெல்மதுளை பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.