நிலவு வரை நீண்ட எல்லைக்கோடு: ஒரு திருத்தத்துடன்

அளவையில் அயராதவரே! தசமம் தவறாத தகைமையாளரே! அடுத்தடுத்த வீட்டுக்காரர் அடித்துக்கொள்ளாமல் வாழ அரை விரற்கடை நிலத்தையும் அளந்து காட்டிய அன்பரே! நில அளவை அலுவலகப் பதிவறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றி, அதன் கண்காணிப்பாளராக இன்று ஓய்வு பெறும் பெருந்தகையே!

பழைய பதிவேடுகளில் கோல் கணக்கில் கிடந்த எல்லைகளையெல்லாம் மீட்டர் கணக்குக்கு மாற்றிய மாண்பு தங்களுடையது. ஒரு கோல் பன்னிரண்டு அடி. அதாவது மூன்று புள்ளி ஆறு ஐந்து ஏழு ஆறு மீட்டர். "ஆறு அஞ்சோட நிறுத்திக்கலாமே சார்" என்று கேட்டவர்களைத் தாங்கள் பார்த்த பார்வையில் அவர்கள் அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்ததுண்டு.

தாங்கள் மாற்றிய கோடுகளின் மொத்த நீளம் பத்துக்கோடியே ஐம்பத்தொரு லட்சம் கோல். அவற்றை ஒரே நேர்க்கோடாக நிமிர்த்தினால் மூன்று லட்சத்து எண்பத்துநாலாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று கிலோமீட்டர்! நிலவோ மூன்று லட்சத்து எண்பத்துநாலாயிரத்து நானூறிலேயே நின்றுவிடுகிறது. தொட்டுவிட்டு, மிச்சமுள்ள பதின்மூன்று கிலோமீட்டருக்கு அங்கே உலாவியும் வரலாம்! நாற்காலியை விட்டு நகராமலே நிலவை எட்டிய நாயகரே, வாழ்க!

அச்சடித்த வாழ்த்து மடல் இத்துடன் முடிந்திருந்தது. பொன்னிறச் சட்டமும் போட்டாயிற்று. இனி வாசிப்பது, இன்று பகலில் சட்டத்தைப் பிரித்து, கையால் எழுதிச் சேர்த்தது. சபை பொறுத்தருள வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் நம் பதிவறை எழுத்தர் அம்மையார். நாளை தங்கள் நாற்காலியில் அமரப்போகிறவர். நாளை முதல் எந்த எல்லைக்கும் கடைசிக் கையொப்பம் அவருடையது. அந்த நினைப்பில் ஒரு வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை பத்து மணிக்குக் கவுன்ட்டருக்கு இரண்டு பேர் சண்டையோடு வந்தார்கள்.

"அது என் சுவருங்க."

"எங்க சுவரும் அதுதாங்க. ஒரே சுவரு, ரெண்டு பேரு பத்திரத்துலயும் இருக்கு."

சட்டத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த எழுத்தரின் கை அப்படியே நின்றது. ஒரு மனையின் கிழக்கு எல்லைதானே அடுத்த மனையின் மேற்கு எல்லை! பொதுக் கோடு ஒவ்வொன்றையும் இரண்டு முறை கூட்டியிருக்கிறார். பொது எல்லைப் பதிவேட்டை இழுத்துப் போட்டுக் கழித்தார். இருமுறை வந்தது நாலு கோடியே தொண்ணூறு லட்சம் கோல். மிஞ்சியதை மீட்டராக்கினால் இரண்டு லட்சத்து ஐயாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொரு கிலோமீட்டர்தான். நிலவு இன்னும் எங்கேயோ இருந்தது.

"நிலாவுல போய் யாரும்மா டேப்பு பிடிக்கப் போறாங்க? விடுங்க" என்றார் தட்டச்சர். நாங்களும் அதையேதான் சொன்னோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சட்டம் தொங்கப்போவது தங்கள் வீட்டுச் சுவரில். ஒரே வாரத்தில் தாங்கள் பிழையைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தும், எங்கள் மனம் நோகுமே என்று வாய் திறக்கமாட்டீர்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பயந்து பயந்து தங்கள் மேசை முன் வந்து நின்றார். "சார், நீங்க நிலாவுக்குப் போகலை. பாதிக்குக் கொஞ்சம் மேலதான் போயிருக்கீங்க. தப்பு என்னோடது. கடைசி நாள்ல இப்படிப் பண்ணிட்டேன். நாளைக்கு அந்தச் சீட்டுல நான் உட்காரலாமா சார்?"

விழாவுக்கு முன்கூட்டியே வந்திருந்த தங்கள் துணைவியார், எங்கள் அண்ணி, சிரித்துவிட்டார்கள். "அதானே பார்த்தேன். கடைக்கு அனுப்பினாலே பாதி வழியில யார்கூடவாவது பேசிட்டு நின்னுடுவாரு."

தாங்கள் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழித்தலை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தீர்கள். அந்த நாலு நிமிடமும் அவர் மூச்சு விட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

"சரியா இருக்கு. அடிச்சு எழுதுங்கம்மா. அழிச்சிடாதீங்க, அடிச்சது தெரியணும்" என்றீர்கள்.

திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வேண்டுமே என்று அவர் பேனாவை நீட்டினார். தாங்கள் வாங்கவில்லை. "நாளைக்கும் தொங்கப்போற காகிதம் இது. நாளைக்கு இருக்கப்போறவங்கதான் போடணும். போடுங்க."

பெருந்தகையே! தாங்களும் அண்ணியும் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! நிலவுக்கு மீதமுள்ள தொலைவை நாங்கள் கோடு கோடாகக் கடந்துகொள்கிறோம். சுவர்க்காரர்கள் இருவரும் நாளை பத்து மணிக்கு மறுபடி வருகிறார்கள். எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
பதிவறைப் பணியாளர்கள்

பத்துக்கோடியே ஐம்பத்தொரு லட்சம் கோல் என்பதை அடித்து, ஐந்து கோடியே அறுபத்தொரு லட்சம் கோல் என எழுதப்பட்டது.
திருத்தம் சரி.
(எழுத்தர் அம்மையாரின் சுருக்கொப்பம்)
கண்காணிப்பாளர், பதிவறை