காஸ்ட்யூம் தோய்க்கிறது யாரு

தப்பா நெனச்சுக்காதம்மா, சொம்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், பாப்பா நீச்சல் காஸ்ட்யூம வீட்ல யாரு தோய்க்கிறதுன்னு. நீ க்ரீம் டியூப எடுத்து அது முதுகுல தடவிக்கினு இருந்தியா, பாத்துட்டு மனசு கேக்கல. நிஷாவா பேரு, ஒம்போது வயசா? நல்லா கீது. எத்தினி மாசமா வருது? நாலு மாசமா, அதுவும் தெனமா? அப்ப அரிக்கத்தான் செய்யும். பயந்துக்காத.

நான் சொல்றத கேளு. தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி, தோ அந்தப் பக்கம் கீது பாரு ஷவரு, அதுல நல்லா நனையச் சொல்லு. தலை, ஒடம்பு, காஸ்ட்யூம் எல்லாம். நல்ல தண்ணிய முதல்லயே குடிச்சிடுச்சுன்னா குளோரின் தண்ணி உள்ள பூர எடம் இருக்காது. பொன்ராஜ் சார் சொன்னது. கோச்சுதான், விசில் வெச்சுக்கினு நிக்கிறாரே அவரு. அப்பால மேல ஏறின ஒடனே குளிச்சிடணும். வீட்டுக்குப் போயி குளிச்சுக்கலாம்னு ஈரத்தோட பஸ் ஏறுவாங்க பாரு, அங்கதான் எல்லாரும் கோட்டை வுடறது. குளிச்சிட்டு, ஈரம் காயறதுக்குள்ள க்ரீம் தடவிடு. எட்டாவதோட நின்னவ நானு. எல்லாம் இந்தப் படியில குந்திக்கினு கத்துக்கினதுதான்.

ஆமாம்மா, எம்பொண்ணும் நீந்துவா. நோரா. இதுல எதுவா? எல்லாம் தொப்பி போட்டுக்கினு ஒரே மாதிரி கீது, அத்த விடு.

ஏழு வயசுல கொண்டாந்து சேத்தேன். வீட்டுக்காரரு மாரடைப்புல போயி ஒரு வருசம், பொண்ணு வாயத் தொறக்காம செவுத்தையே பாத்துக்கினு கெடந்தா. எங்க மாதா கோயில் சாமியார்தான் எதுலயாச்சும் சேத்து வுடுன்னாரு. ஒம்போது வருசம்மா. சாந்தோம்லேர்ந்து ரெண்டு பேரும் மொத பஸ் புடிச்சு வருவோம். முடியெல்லாம் செம்பட்டையா ஆயிப்போச்சு. தலகாணி பூரா குளோரின் வாடை. எனுக்கு அதான் எம்பொண்ணு வாடை.

பதினாறு வயசுல நீச்சல் சங்கத்துலேர்ந்து லெட்டர் வந்துச்சு. மூணு வாரத்துல செலக்ஷன். தேறினா பெங்களூருல கேம்ப்பு, ரெண்டு வருசம் ஹாஸ்டல்லயே இருக்கணும். சார் ஸ்வீட் வாங்கியாந்து குடுத்தாரு. நானும் துன்னேன்.

அந்த வாரத்துலயே தடிப்பு வந்துச்சு. முதுகு, வயிறு, இடுப்பு, செவசெவன்னு. ராவெல்லாம் சொறிஞ்சிக்கினு அழுவா. தேனாம்பேட்டைல தோல் டாக்டர் கிட்ட இட்டுனு போனேன். அந்தம்மா கையப் பாத்தாங்க, காலப் பாத்தாங்க. அங்க ஒண்ணுமே இல்ல. தண்ணி ஒத்துக்கலன்னா கை காலும்தானே தடிக்கணும், இது துணி படற எடத்துல மட்டும் கீதேன்னாங்க. புதுசு வாங்குங்க, வெறும் தண்ணில அலசுங்க, அடுத்த வாட்டி பழைய காஸ்ட்யூம எடுத்துனு வாங்க, பாக்கலாம்னாங்க. அடுத்த வாட்டி நான் போகல.

வாங்கினேனே. பாண்டி பஜார்ல புதுசு வாங்கினேன், கருப்பு. நாலே நாளு, அதுலயும் வந்துச்சு. சாயம் கூட வெளுத்துப் போச்சு. பாத்தியா எவ்ளோ குளோரின் கொட்றானுங்கன்னு நான்தான் சொன்னேன். அவளும் நம்பினா. செலக்ஷன் அன்னிக்கு காஸ்ட்யூம இடுப்பு வரைக்கும் ஏத்தினா, எரிச்சல் தாங்காம கழட்டிப் போட்டுட்டு கட்டில்ல குந்திட்டா. என்னைய தண்ணிக்குப் புடிக்கலம்மான்னா. அவ்ளோதான். அதுக்கப்பறம் எறங்கல.

இப்ப பத்தொம்பது வயசு. தி.நகர்ல ஒரு துணிக்கடைல பில்லு போடறா. தோலு கண்ணாடியாட்டம் கீது, ஒரு புள்ளி கெடையாது. போன மாசம் எங்க அண்ணன் புள்ளைங்கல்லாம் கொட்டிவாக்கம் பீச்சுக்குப் போச்சுங்க. அதுங்க எல்லாம் அலையில ஆடுதுங்க, இவ எல்லார் செருப்பையும் கையில புடிச்சுக்கினு மணல்ல நிக்கிறா. வாடின்னா, எனுக்கு அலர்ஜின்னு சிரிக்கிறா.

ஆமா, தண்ணில எனுக்கு யாரும் இல்ல. மூணு மாசமா சொம்மா வந்து குந்திட்டுப் போறேன். சார் கிட்ட ஒரு விசயம் சொல்லணும். அவரு பக்கத்துல வந்து, நோராவுக்கு ஸ்கின்னு எப்டிம்மா கீதுன்னு கேப்பாரு. நல்லா கீது சார்னுட்டு எழுந்து போயிடுவேன்.

ஒண்ணுமில்லம்மா. லெட்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி, பாத்ரூம் கழுவ பக்கெட்ல பிளீச்சிங் பவுடர் கரைச்சு வெச்சிருந்தேன். தெரியாம அவ காஸ்ட்யூம அதுல ஊற வெச்சுட்டேன். சரியா அலசவும் இல்ல போல. முதுகு தடிச்சு மூணு நாளு வீட்ல இருந்தா. எம்மடியில குப்புறப் படுத்துக்கினு, இங்க தடவும்மா, அங்க தடவும்மான்னு, ஸ்கூலு கதை, ஃப்ரெண்டு கதை எல்லாம் சொன்னா. காலைல நீச்சலு, சாயங்காலம் நீச்சலு, நடுவுல ஸ்கூலுன்னு ஓடிக்கினு இருந்தவ, அப்டி எங்கூட பேசி எத்தினியோ வருசம் ஆயிருந்துச்சு.

அப்பால லெட்டர் வந்துச்சா. அவளும் போயிட்டான்னா அந்த வீட்ல நான் யார்கூட பேசறது. காஸ்ட்யூம் ஊறற தண்ணில ரெண்டு ஸ்பூனு பவுடரு, அவ்ளோதான் போட்டேன். அந்த வாட்டி தெரிஞ்சுதான். புதுசுக்கும் நான்தான்.

வீட்லதான் கீறா இப்ப. நான் கேட்டுக்கினாப்பல வீட்லயேதான் கீறா. வேலைலேர்ந்து வருவா, துன்னுவா, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. சொல்லிடலாம்னு சோறு போடறப்ப வாயத் தொறப்பேன். அதுக்குள்ள அவளே, நீயும்தான் எனுக்கோசரம் எவ்ளோ அலைஞ்சம்மா, ராவெல்லாம் முழிச்சு தடவி வுட்டியேன்னுவா. கோயில்ல சாமியார் கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் பொய் சொன்னேன், கோவப்பட்டேன்னு சில்லறையா சொல்லிட்டு வந்துடறேன். உங்கிட்ட சொல்லிட்டேன். எம்பேரு கூட உனுக்குத் தெரியாது.

அப்டி பாக்காத. நீ அப்டி செய்யறேன்னு நான் சொல்லல.

தோ, விசில் அடிச்சுட்டாரு. பாப்பா மேல ஏறுது பாரு, போ, மொதல்ல குளிக்கச் சொல்லு. ஒம்போது வயசாச்சில்ல அதுக்கு. காஸ்ட்யூம அதையே தோய்ச்சுக்கச் சொல்லும்மா.