கடைசிப் பந்தி

— அதெல்லாம் ஆவாது பேபி. நீயும் அம்மாவும் பீடத்துக்கு முதல் பந்தியில போங்க. நான் எப்பவும் போல கடைசியா வரேன். அவ்ளோதான்.

— எல்லாருக்கும் அப்பா அம்மா ரெண்டு பேரும் பக்கத்துல முழங்கால் போடுவாங்கப்பா. இப்ப ஒத்திகையிலகூட பாஸ்டர் ஐயா அப்படித்தான் நிறுத்தினாரு. எனக்கு மட்டும் வலது பக்கம் காலியா இருந்துது.

— அதான் அம்மா கீறா இல்ல? அவ ஒருத்தியே ரெண்டு சீட்டு அடைப்பா.

— விளையாடாதீங்கப்பா. நாளைக்கு எனக்கு திடப்படுத்தல். ஒரு வருஷமா சாயங்கால வகுப்புக்கு வந்து படிச்சது இதுக்குத்தான். முதல் தடவையா ராப்போஜனத்துல அப்பமும் திராட்சரசமும் வாங்கப்போறேன்.

— எனக்குத் தெரியாதா? குன்றத்தூர் பஸ்ல என் கண்டக்டர் டூட்டிய சுப்பராயலு தலையில கட்டிட்டு ஓடியாந்து கீறேன். வெள்ளப் பொடவ எடுத்தது யாரு? கலர் போட்டோ புடிக்க ஆள் சொன்னது யாரு? இன்னா வேணா கேளு. இது ஒண்ணு மட்டும் கேக்காத.

— ஏன்னு சொல்லுங்க.

— தெரியாத மாதிரி கேக்குற பாரு.

— தெரியும். உங்க வாயால சொல்லுங்க.

— சரி, கேட்டுக்கோ. கோயில்ல கீறது ஒரே ஒரு கிண்ணம். முதல் பந்தியில நான் வாய வெச்சேன்னா, எனக்கப்பறம் மொத்த சபையும் அதுலதான் குடிக்கணும். நான் யாரு? சானடோரியத்துல டி.பி.ன்னு மாசக்கணக்கா படுத்துக் கெடந்துட்டு வந்தவன். நாளைக்கு எந்தக் கொழந்தையாவது இருமிச்சின்னா எல்லாரும் யாரத் திரும்பிப் பாப்பாங்க? கடைசியா குடிச்சிட்டா எனக்கப்பறம் ஆளே இல்ல. வண்டி நேரா டிப்போ. பேஜாரே கெடையாது.

— உங்களுக்கு முழுசா குணமாயிடுச்சின்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகுது. நானே போய்க் கேட்டேன். அப்புறம் நான் கேட்ட விதம் சரியான்னு சந்தேகம் வந்து திரும்பவும் போய்க் கேட்டேன். அதுக்கப்புறமும் ஒரு தடவ போனப்ப, ‘உனக்குத்தாம்மா இப்ப வைத்தியம் பாக்கணும்’னு திட்டி அனுப்பிட்டாரு. உங்ககிட்டேர்ந்து யாருக்கும் ஒண்ணும் ஒட்டாதுப்பா.

— டாக்டருக்குத் தெரியும். சபைக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மொத ஞாயித்துக்கெழம நான் ஒக்காந்த பெஞ்சு இன்னா ஆச்சு? ஃபுல் லோடு வண்டி ஒரே ஸ்டாப்பிங்ல காலியான மாதிரி ஆச்சு. நான் பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சிகினு ஒக்காந்திருந்தேன். எந்தப் பாட்டு பாடினாங்கன்னுகூட தெரியல.

— நானும் பார்த்தேன்.

— அவங்களத் திட்ட முடியாது பேபி. புள்ளகுட்டிக்காரங்க. நான் படுத்துனு இருந்தப்ப புதங்கெழம தவறாம வூடு வூடா கூடி எனக்காவ ஜெபம் பண்ணவங்களும் அதே ஜனங்கதான்.

— சரிப்பா. அப்ப நானும் முதல் பந்தியில போகல. கடைசிப் பந்திக்கு உங்ககூட வரேன். உங்களுக்கு அடுத்தது நான்.

— இன்னாது?

— நீங்க குடிச்சதும் நான் குடிக்கறேன்.

— அறைஞ்சேன்னா தெரியும்! வூட்லயே உன்ன என் மூச்சுக்காத்து படாம காபந்து பண்ணிகினு வரேன், இவ இன்னாடான்னா கோயில்ல வந்து...

— அதத்தான்பா சொல்றேன். போன மாசம் எனக்கு ஜுரம் வந்தப்ப நீங்க என் நெத்தியத் தொட்டுக்கூடப் பார்க்கல. அம்மாவத் தொடச் சொல்லிட்டு, கதவுகிட்ட நின்னு, ‘சுடுதா, சுடுதா’ன்னு கேட்டுட்டே இருந்தீங்க.

— உன் நல்லதுக்குத்தான?

— எனக்கு அது நல்லா இல்லப்பா.

— சரி, ஒண்ணு கேக்கறேன். சாமி எதிர்ல நின்னுகினு கீறோம், நெசத்த சொல்லு. உனக்கு பயமா இல்ல?

— இருக்கு.

— பாத்தியா!

— இருக்குப்பா, பொய் சொல்ல வரல. டாக்டர் சொன்னது புரியுது. ஆனா கிண்ணம் வாய்கிட்ட வர்ற நேரத்துல முகத்த திருப்பிடுவேனோன்னு நேத்து முழுக்க யோசிச்சேன். அன்னிக்கி பெஞ்ச விட்டு எழுந்து போனாங்களே, நானும் அவங்கள்ல ஒருத்தியா இல்லையான்னு எனக்கே தெரியல. அதத் தெரிஞ்சிக்காம பீடத்துக்கு முன்னால நின்னு விசுவாசிக்கிறேன்னு எப்படிப்பா சொல்றது?

— நீ ரொம்பப் படிச்சிட்ட பேபி.

— யாரது, லைட்டுகூடப் போடாம? அட, தாவீது தம்பியா! கொஞ்சம் நகருங்க ராசா, பீடத்துணி. இப்பதான் இஸ்திரி போட்டு எடுத்துட்டு வரேன், மேல பட்டா கசங்கிடும்.

— வாங்க பாஸ்டரம்மா. குடுங்க, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்.

— பிடிங்க. பேபி, நீ அந்த ஓரம். மெதுவா தம்பி, மெதுவா, இது பஸ்ஸு மணிக்கயிறு இல்ல. ஆங், அப்படியே விரிங்க. சரி, அப்பாவுக்கும் பொண்ணுக்கும் என்ன சண்டை? வாசல் வேப்பமரம் வரைக்கும் கேக்குது.

— அப்பா நாளைக்கு என் பக்கத்துல முழங்கால் போட மாட்டாராம், ஆன்ட்டி. கடைசியாதான் வருவாராம்.

— ஓ, அந்தக் கடைசியா? தம்பி, உங்களால சபையில ஒரு போட்டி நடக்குது, தெரியுமா? நீங்க ஏதோ தாழ்மையில கடைசியா வர்றீங்கன்னு நினைச்சிட்டு, சாலமோன் வாத்தியாரும் இப்ப பின்னால பின்னால நகர்றாரு. போன மாசம் உங்க ரெண்டு பேரையும் பார்த்து எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. ‘நீங்க போங்க’, ‘இல்ல நீங்க போங்க’ன்னு, கல்யாண வீட்டு சம்பந்திங்க மாதிரி.

— தாழ்மையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல பாஸ்டரம்மா. எனக்கப்பறம் அந்தக் கிண்ணத்துல யாரும் குடிக்கக் கூடாது. அவ்ளோதான்.

— யாரும் குடிக்கறதில்லன்னு யார் சொன்னா?

— நான்தான கடைசி?

— கிண்ணத்துல மீந்தது?

— மீந்தது... நீங்க கழுவி ஊத்திடுவீங்க.

— நல்லா இருக்கே கதை! ஜெபம் பண்ணி வெச்ச திராட்சரசத்த சாக்கடையிலயா ஊத்துவாங்க? ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாதுன்னு உங்க பாஸ்டர் ஐயாவே குடிச்சி முடிச்சிடுவாரு. ஆசீர்வாதம் சொன்னதும் நீங்கல்லாம் செருப்பு தேட வெளிய போயிடறீங்க. அவர் உள்ளறைக்குள்ள போய்க் குடிக்கறாரு.

— எப்பவுமா?

— எப்பவும்தான். நீங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு ஒரு மாசம்கூட விடல.

— தெரிஞ்சேவா?

— உங்க வாயில கிண்ணத்த வெச்சிக் குடுக்கறதே அவர்தானே ராசா. கடைசியா யார் குடிச்சாங்கன்னு தெரியாதா?

— கர்த்தரே! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு நான் இத்தினி நாள் ஒதுங்கி ஒதுங்கி நின்னா, கடைசியில பாஸ்டர் ஐயாவுக்கேவா குடுத்துகினு இருந்தேன்? வேணாம் பாஸ்டரம்மா. நாளையிலேர்ந்து எனக்கு ராப்போஜனமே வேணாம். பெஞ்சுலயே ஒக்காந்துக்கறேன்.

— அப்பா!

— நீ சும்மா இரு பேபி.

— ஏன் அவசரம்? கேளுங்க. முதல்ல நானும்தான் சண்டை போட்டேன். ‘நமக்கு மூணு பிள்ளைங்க இருக்கு, வெளிய செடி அடியில ஊத்துங்க, மண்ணுல ஊத்தினா தப்பில்ல’ன்னு அழுதேன். மனுஷன் அடுத்த மாசமும் குடிச்சாரு. அவர் தூங்கறப்ப பக்கத்துல படுத்து மூச்ச ஒட்டுக் கேட்டுட்டு இருப்பேன். ஒரு நாள் நிறுத்தாம இருமினாரு பாருங்க, எனக்கு உயிரே போயிடுச்சு. இழுத்துட்டுப் போய் எக்ஸ்ரே எடுக்க வெச்சேன். டாக்டர், ‘என்ன தொந்தரவு?’ன்னு கேட்டாரு. இவர் கைய நீட்டி, ‘இதோ, என் சம்சாரம்’னு சொல்றாரு.

— எக்ஸ்ரேல இன்னா வந்துது?

— என்ன வரும்? சுத்தமா இருந்துது. அன்னிக்கி நான் வறுத்த மிளகாய் நெடிக்குத்தான் அந்த இருமல்.

— அவருக்கு ஒண்ணும் இல்ல இல்ல?

— அவருக்கு ஒண்ணும் இல்ல. தொப்பைதான் கொஞ்சம் கூடியிருக்கு. இன்னும் கேளுங்க. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின மாசம் அவருக்கு காய்ச்சல்னு பள்ளிக்கரணைப் பக்கத்துலேர்ந்து வேற பாஸ்டர் வந்தாரே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அன்னிக்கும் நான்தான் கடைசி.

— ஆமா. அவருக்கு அடுத்த கோயிலுக்கு ஓடணும். கிண்ணத்த துணியால மூடி என் கையில குடுத்து, ‘பாஸ்டர்கிட்ட குடுத்து முடிக்கச் சொல்லுங்கம்மா’ன்னுட்டுப் போயிட்டாரு. பாஸ்டர் வீட்டுல கம்பளி போத்திப் படுத்திருக்காரு. நான் அந்த உள்ளறையில தனியா நிக்கறேன். ஜன்னலுக்கு வெளியவே செம்பருத்திச் செடி. கைய நீட்டினா எட்டும்.

— இன்னா பண்ணீங்க?

— குடிச்சேன்.

— நீங்களா?

— நானேதான். இந்தத் தபீதாளுக்கு அவ்வளவு தைரியம் இருக்கும்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

— ஆன்ட்டி, நீங்க முகத்த திருப்பலையா?

— திருப்பினேன் பேபி. நீ கேக்கறதால சொல்றேன். வாய்கிட்ட கொண்டுபோவேன், முகம் தானா திரும்பிக்கும். திரும்பத் திரும்ப அப்படியே. அதுக்கென்ன? கழுத்து திரும்பிச்சுன்னா, மறுபடியும் இந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான்.

— அப்ப பயம் இருந்தாலும் பரவால்லையா?

— பயம் போனப்புறம்தான் பண்ணணும்னா நான் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன்.

— பாஸ்டரம்மா, நீங்க வேற, பாஸ்டர் ஐயா வேற. மத்த ஜனங்க ஒத்துக்கணும் இல்ல? அப்பாதுரை சாரு பையனுக்கும் நாளைக்குத்தான் திடப்படுத்தல். என்ன முதல் பந்தியில பாத்துட்டு அவரு குடும்பத்தோட எழுந்து வெளிய போயிட்டாருன்னா? என் பொண்ணு எதிர்லயே அது நடந்தா?

— நடக்கலாம் தம்பி. நடக்காதுன்னு சொல்லி நான் உங்கள ஏமாத்த மாட்டேன். ஆனா ஒண்ணு. புதன்கிழமை ஜெபத்துல அந்த அப்பாதுரை சாருதான் எல்லாரையும்விட சத்தமா, ‘தாவீத எங்களுக்குத் திருப்பிக் குடும் ஆண்டவரே’ன்னு கதறுவாரு. நானும்தான் கதறினேன். கேட்டது கெடச்சிடுச்சு. கெடச்சவர எங்க உட்கார வைக்கறதுன்னுதான் எங்க யாருக்கும் தெரியல. நீங்களும் கடைசியில போய் நின்னுக்கிட்டீங்க. எங்களுக்கும் அது சுளுவா போச்சு.

— நான் வெலகி நின்னா எல்லாருக்கும் நிம்மதின்னு நெனச்சேன்.

— எனக்கு நிம்மதி இல்லப்பா.

— சரி சரி, ரெண்டு பேரும் கண்ணத் தொடைங்க. பூ கட்ட வர்றவங்களுக்குன்னு ஃப்ளாஸ்க்குல காபி போட்டுக் கொண்டாந்தேன். டம்ளர் ஒண்ணுதான் இருக்கு. தம்பி, முதல்ல நீங்க குடிங்க.

— பேபிக்குக் குடுங்க. மத்தியானத்துலேர்ந்து நின்னுகினே கீது.

— நீங்க குடிங்கப்பா. நான் அப்புறம் குடிக்கறேன்.

— நல்லா கீது பாஸ்டரம்மா. நல்ல சூடு.

— பார்த்துக் குடிங்க, நாக்கு வெந்துடப்போகுது. குடிச்சாச்சா? டம்ளரக் குடுங்க, குழாயடியில ஒரு அலசு அலசிட்டு வந்து பேபிக்கு ஊத்தறேன்.

— அலச வேணாம் பாஸ்டரம்மா. பாதி வெச்சிருக்கேன். இந்தா பேபி, புடி.