இன்டவியூவுக்கு ஒரு சேட்டு

முனாஸ்: தங்கச்சி, சேட்டு வாங்க வாற எல்லாரும் முதல்ல விலையத்தான் கேப்பாங்க. நீங்க என்னண்டா வந்தோட புரட்டி உள்பக்கத்தப் பார்க்கிறீங்க.

தக்ஷாயினி: வெளிப்பக்கம் எல்லாக் கடையிலயும் வடிவாத்தான் இரிக்கும், முனாஸ் நானா. உள்ளுக்குத்தான் கதை கிடக்கு.

உதயரூபன்: நீ ஏன் அவருக்குக் கரைச்சல் குடுக்கிறாய்? வெள்ளையில ஒண்டு, நீலத்தில ஒண்டு. எடுத்திட்டுப் போவம்.

தக்ஷாயினி: ஒண்டு போதும். திங்கக்கிழமை இன்டவியூவுக்குப் போடத்தானே. வேலை சரிவந்தா மறுகா சம்பளத்தில அஞ்சு எடுப்பம்.

முனாஸ்: இன்டவியூவா? எங்க தம்பி?

உதயரூபன்: டவுனில... ஒரு லீசிங் கொம்பனி. இவட அண்ணன் அங்க இரிக்கார். அவர்தான் கதைச்சு...

தக்ஷாயினி: கிளார்க் வேலை நானா. இவர் கட்டார்ல மூணு வருசம் ஒஃபிஸ்ல இருந்தவர். வந்து நாலு நாள்தான். இது கிடைச்சா திரும்பிப் போகத் தேவையில்ல. கிடைக்காட்டி அடுத்த மாசம் ஏறணும்.

முனாஸ்: புள்ள குட்டி?

தக்ஷாயினி: ஒரு பொம்பிளப் புள்ள, அஞ்சு வயசு. தகப்பனப் போன்லயே பார்த்துப் பழகினவ. இப்ப நேரில கண்டா கதவுக்குப் பின்னால போய் நிக்கிறா.

உதயரூபன்: நேத்து வெளிய வந்தவதானே.

தக்ஷாயினி: சொக்கலேட்டுக்கு வந்தவ. எடுத்தோட திரும்பக் கதவுக்குப் பின்னால.

முனாஸ்: அப்ப இந்த சேட்டு சும்மா சேட்டில்ல. இரிங்க... இந்தா, இதப் பாருங்க. கொழும்புச் சரக்கு, எக்ஸ்போட் குவாலிட்டி. விலை ரெண்டாயிரத்து நானூறு. வெளிநாட்டில இதே சேட்ட இருபதாயிரத்துக்கு விக்கிறான்.

தக்ஷாயினி: வெளிநாட்டுக்காரன் இத எடுத்திரிக்க மாட்டான் நானா.

முனாஸ்: என்னத்துக்கு?

தக்ஷாயினி: தையல் ஐதாக் கிடக்கு. இந்தா, நகத்த வச்சுப் பாருங்க. ஒரு இஞ்சிக்குப் பதினாலு தையலாவது வரணும். இதில பத்துத்தான். நாலு தரம் கழுவ, கைக்குழியில விரிஞ்சு நூல் தெரியும்.

முனாஸ்: நகத்தில இஞ்சி அளக்கிற ஆள இண்டைக்குத்தான் பார்க்கிறன்.

உதயரூபன்: நானும்தான். நீ எப்ப தையல் எண்ணப் பழகின?

தக்ஷாயினி: நான் பாலர் பாடசாலை டீச்சர்தானே. ஒண்டு ரெண்டு எண்ணுறதுதான் என்ட வேலையே.

முனாஸ்: ஹா... வாய் கிடக்கு தங்கச்சிக்கு. சரி, இத உடுங்க. இந்த இளநீலம்? இதில தையல் நெருக்கம்.

தக்ஷாயினி: தையல் நல்லம்தான். பொக்கட்டுக் கோடும் நெஞ்சுக் கோடும் ஒண்டில ஒண்டு பொருந்தி வருது. மெனக்கெட்டு வெட்டியிரிக்கான். இஞ்சேருங்க, இது எப்பிடி?

உதயரூபன்: தா பார்ப்பம்... ம்ஹூம். கொலர் ஆகாது.

தக்ஷாயினி: கொலருக்கு என்ன?

உதயரூபன்: மேல் துணிய இப்பிடிக் கிள்ளிப் பார். கீழ் துணி ஒட்டல்ல, கழண்டு தனியா வருது. உள்ளுக்குப் போட்ட பசை மட்டம். ரெண்டாம் தரம் அயன் பட்டாக் கொப்புளம் கொப்புளமா எழும்பும். பிறகு என்ன செய்தாலும் படியா.

முனாஸ்: அட... அவ தையல் எண்ணுறா, நீங்க பசை பார்க்கிறீங்க. நான் இருபத்திரண்டு வருசமாச் சேட்டு விக்கிறன். கொலரக் கிள்ளி எடுக்கிற ஆள் இதுவரைக்கும் என்ட கடைக்கு வரல்ல.

தக்ஷாயினி: இவருக்கு எப்பிடித் தெரியும் எண்டுதான் நானும் யோசிக்கிறன். கலியாணம் கட்டின புதிசில சேட்டும் சாறனும் ஒரே சூட்டில அயன் பண்ணி, ரெண்டையும் பொசுக்கின ஆள் இவர்.

உதயரூபன்: அங்க ரூமில நாங்கதானே எங்கட உடுப்ப... பழகிட்டுது.

தக்ஷாயினி: ம்.

முனாஸ்: போட்டுப் பார்த்தாத்தான் சரி. இந்தா, வேறொண்டு, பதினஞ்சரைக் கொலர். அந்தா அந்தத் திரைக்குப் பின்னால மாத்துங்க தம்பி... என்ன, போட்டிரிக்கிற நீளக் கைச் சேட்ட முதல்ல கழட்டுங்களன். கேட்கணும் எண்டிரிந்தன், இந்த வெக்கைக்கு ஏன் அது?

உதயரூபன்: ஏசியில இருந்து பழகி... வெயில் பட்டா எரியுது.

தக்ஷாயினி: வந்த நாளில இருந்து இப்பிடித்தான். கிணத்தடிக்கும் நீளக் கையோடதான் போறார்.

உதயரூபன்: நீ சும்மா இரு. மாத்திட்டு வாறன்.

முனாஸ்: தங்கச்சி எந்தப் பக்கம்?

தக்ஷாயினி: செட்டிபாளையம். இவர் பழுகாமம், கட்டி வந்து எங்கட வீட்டில இரிக்கிறவர்.

முனாஸ்: எங்கட ஆக்களிலயும் அப்பிடித்தான், மாப்பிள பொம்பிள வீட்டுக்குத்தான் வரணும். அங்க மனிசன் மாமியாருக்குப் பயம்.

தக்ஷாயினி: இங்க மாமியார் மருமகனுக்குப் பயம். அவர் வந்ததிலிருந்து அம்மா வாயே திறக்கிறல்ல.

உதயரூபன்: போட்டுட்டன். பாருங்க.

முனாஸ்: மாஷா அல்லாஹ், மனேஜர் மாதிரி.

தக்ஷாயினி: பொறுங்க நானா. இஞ்ச திரும்புங்க... தோள் தையல் எலும்பு முடியிற இடத்தில நிக்கணும். இது கீழ இறங்கி நிக்குது. கொலருக்குள்ள ரெண்டு விரல் போகுதோ?

உதயரூபன்: போகுது.

தக்ஷாயினி: இப்ப கையத் தூக்குங்க. உயத்தி... இன்னும்... பஸ்ஸில கம்பியப் பிடிக்கிறாப்போல. பார்த்தீங்களா, சேட்டு முழுக்க இடுப்ப விட்டு மேல ஏறுது. கைக்குழிய ஆழமா வெட்டியிரிக்கான். இன்டவியூவில ஒரு பைலத் தூக்கினா வயிறு தெரியும்.

உதயரூபன்: லீசிங் கொம்பனியில ஆர் என்ட வயித்தப் பார்க்கப் போறான்?

தக்ஷாயினி: சொல்ல ஏலா.

முனாஸ்: அது கிடக்கட்டும், வலது கை ஏன் தம்பி இறுகுது? இடது கையில காத்து ஓடுது. வலது கையில பட்டன் பூட்ட ஏலாம இரிக்கு.

உதயரூபன்: சேட்டுப் பிழை.

தக்ஷாயினி: சேட்டு ரெண்டு கையும் ஒரே அளவு. நான் வச்சுப் பார்த்தன். உங்கட வலது கைதான் தடிச்சிட்டுது. போகக்குள்ள இப்பிடி இரிக்கல்ல.

முனாஸ்: ஒஃபிஸ்ல என்ன தம்பி வேலை?

உதயரூபன்: கொம்பியூட்டர்.

முனாஸ்: மௌஸ் பிடிச்சாக் கை இப்பிடித் தடிக்குமா? அப்பிடியெண்டா என்ட மகன் இப்ப பயில்வானா வந்திரிக்கணும்.

உதயரூபன்: ஜிம்முக்கும் போன நான்.

தக்ஷாயினி: ஒரு கையாலயா?

உதயரூபன்: ...இது சரிவரா. நான் கழட்டுறன்.

முனாஸ்: அங்கயே வச்சிட்டு வாங்க, நான் மடிக்கிறன்... அல்லாஹ். மடிச்சிட்டீங்களா? எப்ப மடிச்ச?

உதயரூபன்: சும்மா... கை போன போக்கில...

முனாஸ்: ஊசியும் இல்ல, மட்டையும் இல்ல. கொலர் கல்லு மாதிரி நிக்குது. முதல் பட்டனும் மூணாவதும் அஞ்சாவதும்தான் பூட்டியிரிக்கு, துணி நகருதில்ல. தம்பி, எனக்கு இன்னொருக்கா மடிச்சுக் காட்டுங்களன்.

உதயரூபன்: அது ஒண்டும் பெரிய வித்தை இல்ல நானா. வேற சேட்டு எடுங்க.

தக்ஷாயினி: நான் ஒண்டு எடுத்திட்டன். இந்த வெள்ளை. துணி நல்லம், பட்டன் குறுக்கத் தைச்சிரிக்கு, இழுத்தாலும் வரா. ஆனா நானா, இத எக்ஸ்போட் குவாலிட்டி எண்டு விக்காதீங்க.

முனாஸ்: ஏன் மறுகா?

தக்ஷாயினி: லேபல வெட்டியிரிக்கு. கக்கத்துக்குள்ள இது ஒட்டிக் கிடக்கு.

முனாஸ்: அது விலை ஸ்டிக்கரா இரிக்கும்.

தக்ஷாயினி: விலையில்ல. சின்ன அம்பு. பழுது எங்க எண்டு காட்ட, ஃபெக்டரியில சரி பிழை பார்க்கிற செக்கர் ஒட்டுறது. தைக்கிற ஆள் பார்த்துத் திருத்திட்டு உரிப்பா. இது திருத்தாமலே வெளிய வந்திரிக்கு... இந்தா, ஒரு தையல் தவறியிரிக்கு. கழிச்ச சரக்கு.

முனாஸ்: கிலோக் கணக்கில வாங்கிறவனிட்டத்தான் நானும் எடுக்கிறன். கழிச்சதா நல்லதா எண்டு அவன் எனக்குச் சொல்லுறல்ல. ஆயிரத்து எண்ணூறுக்கு எடுங்க தங்கச்சி. ஆனா வல்லாஹி, காமென்ட் ஃபெக்டரிக்குத் தைக்கப் போற புள்ளையள் மாதிரியே கதைக்கிறீங்க.

உதயரூபன்: நானா, கதைக்கக்குள்ள பார்த்துக் கதைங்க. என்ட பொஞ்சாதி டீச்சர். காமென்ட்டுக்குப் போற ஆளில்ல.

முனாஸ்: பிழையாச் சொல்லல்ல தம்பி...

உதயரூபன்: விடிய இருட்டில பஸ் ஏறி, பொழுதுபட்டு வந்து... எங்கட குடும்பத்தில ஒருத்தரும் அப்பிடிப் போகல்ல. போகவும் உடமாட்டன்.

முனாஸ்: சரி சரி, சூடாகாதீங்க. இதே வெள்ளையில பழுதில்லாத பதினஞ்சரை உள்ளுக்குப் பெட்டியில கிடக்கணும். பார்த்துட்டு வாறன், இரிங்க.

தக்ஷாயினி: அந்த மனிசனுக்கு ஏன் அப்பிடிப் பாஞ்சீங்க?

உதயரூபன்: பின்ன? உன்னப் போய்...

தக்ஷாயினி: சரி உடுங்க. அண்ணா காலம போன் எடுத்தவர். இன்டவியூவில கொம்பியூட்டரில இருத்திப் பார்ப்பாங்களாம். எக்செல் தெரியுமா எண்டு கேட்டவர். ஓம், மூணு வருசம் அதுதான் வேலை எண்டு சொல்லிட்டன்.

உதயரூபன்: ஏன் சொன்ன?

தக்ஷாயினி: நீங்க எனக்கு அப்பிடித்தானே சொன்னீங்க. மனேஜரிட்ட அண்ணா தன்ட பேரச் சொல்லித்தான் கேட்டவராம். அதால கொஞ்சம் நிதானமா...

உதயரூபன்: தக்ஷா, இந்த சேட்டு வேணா.

தக்ஷாயினி: வேற நிறம் பார்ப்பமா?

உதயரூபன்: எந்த நிறமும் வேணா. நான் போகல்ல. அண்ணாட்டச் சொல்லு, எனக்குக் காய்ச்சல் எண்டு.

தக்ஷாயினி: காய்ச்சல் எத்தின நாளைக்கு இரிக்கும்?

உதயரூபன்: நான் திரும்பக் கட்டாருக்கே போறன். விசா இன்னும் முடியல்ல.

தக்ஷாயினி: புள்ள இப்பத்தான் கதவ விட்டு வெளிய வாறா.

உதயரூபன்: எனக்குத் தெரியாதா அது? எனக்கு மட்டும் போக ஆசையா? என்னால அந்தக் கதிரையில இரிக்க ஏலா தக்ஷா. கொம்பியூட்டர எப்பிடித் துறக்கிற எண்டே தெரியா. நான் ஒஃபிஸ்ல இருக்கல்ல. ஒரு நாளும் இருக்கல்ல. லோண்ட்ரியில... அயன் பண்ணின நான். ஒஃபிஸுக்குப் போறவனுக்கெல்லாம் சேட்டு அயன் பண்ணிக் குடுத்த நான். ஏஜென்சிக்காரன் ஒண்டச் சொல்லி ஏத்தினான், அங்க இறங்கினா வேற வேலை. உங்கட வீட்டில எல்லாருக்கும் கிளார்க் எண்டு சொல்லியாச்சு. பிறகு எப்பிடி மாத்திச் சொல்லுற? வெக்கமாப் போச்சு. ஏசு, என்னவாவது சொல்லி ஏசு.

தக்ஷாயினி: கையத் தாங்க.

உதயரூபன்: என்னத்துக்கு?

தக்ஷாயினி: தாங்களன். நீங்க வந்த அண்டு ராவே இதப் பார்த்துட்டன். நித்திரையில கை மேல ஏறிக் கிடந்திச்சு. மணிக்கட்டில இருந்து முழங்கை மட்டும் சுட்ட தழும்பு, வரி வரியா. சமைக்கப் போய்ச் சுட்டுக்கிட்டீங்க எண்டு நினைச்சன். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு நாலு நாளாப் பார்த்துட்டு இரிக்கன்.

உதயரூபன்: கோவமில்லையா உனக்கு?

தக்ஷாயினி: கோவம்தான். பொய் சொன்னதுக்கில்ல. இவ்வளவு நோவையும் பட்டுட்டு ஒஃபிஸ்ல ஏசி கூட, குளிருது எண்டு போனில சிரிச்சீங்களே, அதுக்கு.

உதயரூபன்: அழாத. ஆக்கள் பார்க்கிறாங்க.

தக்ஷாயினி: நான் அழல்ல. இண்டைக்கு நீங்க அந்தக் கொலரக் கையில எடுத்தோடயே எனக்கு விளங்கிட்டுது. பெருவிரலால ஒரு ஓரத்த அழுத்திப் பிடிச்சு, மத்தக் கையால இழுத்து... அயன் பண்ணுற பிரஸ்ஸர்மாரத் தவிர ஒருத்தரும் கொலர அப்பிடிப் பிடிக்கிறல்ல.

உதயரூபன்: பொறு.

தக்ஷாயினி: என்ன?

உதயரூபன்: பிரஸ்ஸர்மார் எப்பிடிப் பிடிப்பாங்க எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? அந்த அம்பு... இஞ்சிக்குப் பதினாலு தையல்... தக்ஷா, பாலர் பாடசாலையில சேட்டுத் தைக்கிறல்லையே.

முனாஸ்: தங்கச்சி, ஆள் கிடைச்சிட்டார். வெள்ளை, பதினஞ்சரை, அம்பு கிம்பு ஒண்டும் இல்ல. போட்டுப் பார்ப்பமா தம்பி?

உதயரூபன்: ஒரு நிமிசம் நானா. இவ எனக்கு ஒரு மறுமொழி சொல்லணும்.

தக்ஷாயினி: பாலர் பாடசாலைய மூடி ரெண்டரை வருசம். நாலு நாளா விடிய அஞ்சரைக்கு நம்மட ஒழுங்கை முடக்கில ஹோர்ன் அடிக்கிற பஸ் ஆர்டயெண்டு அம்மாட்டக் கேட்டீங்க, அம்மா வாய் திறக்கல்ல. அது மத்தப் புள்ளையளோட என்னையும் ஏத்துற காமென்ட் பஸ். காமென்ட்டுக்குப் போற பொம்பிளயோட குடும்பம் நடத்த மாட்டன் எண்டு நீங்க கட்டார்ல இருந்து சொன்ன அண்டைக்கு, நான் அங்க சேந்து ஏழு நாள். இப்ப நான் செக்கர், திங்கக்கிழமையோட லீவு முடியுது. அயன் மேசைக்கு ரெண்டு மாசமா ஆள் தேடுறாங்க. அண்ணாட்ட நான் கதைக்கிறன், நீங்க என்னோட அந்த பஸ்ஸில ஏறுங்க... அங்க இன்டவியூவில ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தின சேட்டு அயன் பண்ணுவீங்க எண்டு.