முப்பது சதவீதம்

லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள். அடியில் காற்றுப் போகும் வழி அடைத்துக்கொள்ளும், சூடேறும். சூடேறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரேணிகுண்டாவில் என் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்வேன். என் மகள் பிரமிளாவின் லேப்டாப்பிலும் முதலில் அந்தக் கோளாறுதான். ஃபேனில் அடைந்திருந்த தூசியைத் தட்டி, பிராசசர்மேல் சூட்டை இறக்கும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிக் கொடுத்தேன். ஜம்மென்று ஓடியது.

அதில்தான் அவள் கம்பெனிகளுக்கு ஆன்லைன் டெஸ்ட் எழுதவேண்டும். பாஸானால் பெங்களூரில் வேலை, அப்புறம் அமெரிக்கா. எல்லாம் அவள் அண்ணன் சீனுவின் ஏற்பாடு. அவன் டல்லாஸில் இருக்கிறான். பெற்ற தாய் செங்கம்மா செத்தபோது, "இப்ப வந்தா விசா மாட்டிக்கும் நைனா, மறுபடி உள்ள வுட மாட்டான்" என்று சொல்லிவிட்டான். ஒரே மகன் உயிரோடு இருக்க, பங்காளி வீட்டுச் சந்திரன் கொள்ளி வைத்தான். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்படிப்பட்டவன் ஒருநாள் போனில் சாவகாசமாகச் சொன்னான்: "பாப்பாவையும் இங்கயே இட்டுக்கினு வந்துடறேன் நைனா."

சரி என்றேன். அன்று சாயங்காலம் பிரமிளாவின் லேப்டாப்பில் பவர் செட்டிங்ஸைத் திறந்து, பிராசசரின் உச்சவேகம் நூறு சதவீதம் என்றிருந்ததை முப்பது ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை.

டெஸ்ட் நடுவில் திரை அப்படியே நின்றுவிடும். நேரம் போய்விடும். "மறுபடியும் ஸ்டக் ஆயிக்கினே கீது நைனா. சூடுதானா?" என்பாள்.

"ரேணிகுண்டா வெயிலு அப்படிம்மா."

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, தான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கப் பாவமாக இருக்கும். நானே அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தேன். "திருப்பதியில வேற கடையில குடுத்துப் பாக்கட்டா?" என்று ஒருமுறை கேட்டாள். "நைனா கடை வச்சிக்கினு கீறப்போ வெளியில போனா நாலு பேரு சிரிப்பாங்க" என்றேன். நல்ல பெண், அப்புறம் கேட்கவில்லை.

ஒவ்வொரு கம்பெனியாகக் கை நழுவியது. கடைசியில், "மெஷின் மேல தப்பு இல்ல நைனா. எனக்குத்தான் மூளை பத்தல" என்றாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது கடையில் பில் போடுகிறாள். கூப்பிட்டால் சாப்பிட வருகிறாள். சிரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

சீனு போனில் அழுதான். "நல்லா படிச்ச பொண்ணாச்சே நைனா, அவளுக்கு இன்னாதான் ஆச்சு?" அவன் அழுததைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்து, "அவ்வளவுதான் அவ கொடுப்பினை" என்று போனை வைத்தேன்.

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக்கூடாது. என் கோபமெல்லாம் சீனு மேல்தான். பிரமிளாவை நான் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவளுக்குப் போய் நான் கெடுதல் செய்வேனா?