ஈரத் துண்டு

"கோல் கீழே விழுந்தா என்னம்மா பண்ணுவே?"

கல்லூரியில் சேர்ந்த புதிதில் பாண்டு வாத்தியக் குழுவின் மாஸ்டர் ஹாஸ்கின்ஸ் என்னிடம் இப்படிக் கேட்டார். "சிரிச்சுக்கிட்டே எடுப்பேன் சார்" என்றேன். அந்தப் பதிலுக்காகவே என்னை எடுத்துக்கொண்டார் என்று பிறகு சொன்னார்கள். பாண்டுக்கு முன்னால் மினுக்கும் உடையில் கோலைச் சுழற்றி, மேலே வீசிப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண் முதலில் கற்றுக்கொள்வது ஒன்றுதான். என்ன நடந்தாலும் முகம் மாறக்கூடாது.

நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். பல் டாக்டரின் முன்னறையில் எத்தனையோ வருஷமாக வரவேற்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். வலியில் கத்துகிறவர்கள்கூட என் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. என் கணவர் டேல் பிரிந்துபோனபோது, "உன்கிட்ட சண்டைகூட போட முடியலையே, லினெட்" என்று அலுத்துக்கொண்டார். அதனால், மைதானத்தில் எடுத்த வீடியோவில் நான் சிரித்துக்கொண்டிருப்பதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பழக்கம்.

ரோண்டாவும் நானும் ஜோடி. அவள் வீசுவதை நான் பிடிப்பேன், நான் வீசுவதை அவள் பிடிப்பாள். தீக்கோலும் சுழற்றுவோம். அதன் இரண்டு முனையிலும் திரி சுற்றியிருக்கும். மண்ணெண்ணெயில் முக்கியதும் பற்றவைக்கக்கூடாது. ஒதுக்குப்புறமாகப் போய் வேகமாகச் சுழற்றி, மிச்ச எண்ணெயைப் புல்லில் உதறிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொட்டுகள் எரிந்துகொண்டே உடம்பில் விழும். ஒருத்தி ஆடும்போது மற்றவள் ஈரத் துண்டோடு ஓரத்தில் நிற்பாள். கோலை முக்கி, உதறித் தருவதும் துண்டுக்காரிதான். வாங்குகிறவள் சோதித்துப் பார்க்கமாட்டாள். பார்த்தால் ஜோடிக்கு அவமானம்.

கடைசி வருஷம் தனியாட்டம் எனக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மைதானம் முழுக்க ஒருத்தியை மட்டும் பார்க்கிற இடம் அது. பயிற்சியில் என் மணிக்கட்டு பிசகியது. ரோண்டாவிடம் மட்டும் சொன்னேன்; அவளே கட்டுப்போட்டுவிட்டாள். அந்த வாரமே ஹாஸ்கின்ஸ் கூப்பிட்டு, "கை ஆறட்டும்மா" என்று தனியாட்டத்தை ரோண்டாவுக்குக் கொடுத்துவிட்டார். கிளாரினெட் வாசித்த டார்லீன்தான் போட்டுக்கொடுத்தாள் என்று ரோண்டா சொன்னாள். நம்பினேன். அதன்பிறகு டார்லீனோடு நான் பேசவில்லை. அவள் செத்தபோதும் போகவில்லை. ரோண்டா அந்தத் தனியாட்டப் பெயரை வைத்து விசிட்டா நகரத்தில் கோல் சுழற்றும் பயிற்சிப் பள்ளி தொடங்கினாள்.

இலையுதிர்காலத்தில் பழைய மாணவர்களைக் கூப்பிட்டு ஒரு ஃபுட்பால் ஆட்டம் நடக்கும். பாண்டில் இருந்தவர்கள் தொப்பையும் முட்டிவலியுமாக வந்து இடைவேளையில் இளசுகளோடு நடப்போம். இந்த முறை ரோண்டா தீக்கோல், நான் துண்டு. முந்தின நாள் மதியம் சர்ச் கூடத்தில் சாப்பாடு. சில்லி என்கிற காரமான கறிக்குழம்பும், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு பன் ரோலும். ரோலைச் சில்லியில் தோய்த்துத் தின்றுகொண்டே ரோண்டா சொன்னாள்:

"ஏய் லினெட், இப்பவாவது சொல்லிடறேன். உன் கை விஷயத்தை ஹாஸ்கின்ஸ்கிட்ட சொன்னது நான்தான்டி."

மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"அடிப்பாவி" என்றார் டிரம் வாசிக்கிற க்ளென். "வருஷா வருஷம் அவ வீட்லயே தங்கி, அவ கையாலயே தின்னியே."

"நான் சொல்லலேன்னா டியூபா ஊதறவன் மண்டையில கோலைப் போட்டிருப்பா. நல்லதுதான் பண்ணேன். கோவமாடி?"

"பழைய கதைதானே" என்றேன். அவள் தட்டில் இன்னொரு ரோல் எடுத்துவைத்தேன்.

மறுநாள் நான்தான் கோலை முக்கினேன். ரோண்டா வழக்கம்போல் பார்க்காமலே கையை நீட்டினாள். கொடுத்தேன். கோல் கனமாகத்தான் இருந்தது. அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

துண்டைப் பற்றிக் கேட்டீர்கள். கையில்தான் இருந்தது. காய்ந்திருந்தது என்கிறார்கள், இருக்கலாம். தண்ணீர் வாளி காலடியில் இருந்ததும் உண்மை. ரோண்டா சுழற்ற ஆரம்பித்ததுமே தோளிலும் கையிலும் நெருப்புப் பொட்டுகள் விழுந்தன. அதுவும் வித்தை என்று கூட்டம் கைதட்டியது. அவள் கோலைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். கோல் விழாதவரை துண்டுக்காரி உள்ளே போகக்கூடாது. க்ளென்தான் டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி, தன் கோட்டால் அவளைப் போர்த்தினார்.

எல்லோரும் விபத்து என்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்தில் நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். போன வாரம் ரோண்டா என் வீட்டுக்கு வந்திருக்காவிட்டால் நானும் இன்று இங்கே வந்திருக்கமாட்டேன்.

அவளுக்கு இரண்டு கையிலும் கட்டு. கழுத்தில் தோல் இறுகியிருந்தது. அவள் மகள் காரிலேயே இருந்தாள். காப்பி வைத்தேன், அவளால் கோப்பையைப் பிடிக்க முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

"க்ளென் என்னென்னமோ சொல்றான்" என்றாள். "நீ உதறினே தானே, லினெட்? உதறினேன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

அவள் எனக்கு உண்மையைச் சொன்னாள். நானும் சொல்வதுதான் முறை.

"இல்லடி. உதறல. துண்டையும் நனைக்கல. நல்லதுதான் பண்ணேன், இந்த வயசுல உனக்கெதுக்கு தீயெல்லாம்" என்றேன். "கோவமாடி?"

அவளும் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். ரோண்டா எழுந்தாள். கதவின் குமிழை முழங்கையால் திருப்பப் பார்த்தாள், முடியவில்லை. நான் போய்த் திறந்துவிட்டேன். படியிறங்கிப் போனாள். என் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எனக்கு அவள்மேல் கோபமே இல்லை என்று.