வெளுத்த பவளம்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பேருந்து கிளம்பியபோது சாரல் வலுத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“எங்க வீட்டுப் பவளம் செத்துப்போச்சு மதினி.”

“ஏட்டி, கல்லு எங்கனயாவது சாவுமா?”

“கல்லு மாதிரிதான் இருக்கும், ஆனா உசுரு உண்டு. உங்க தம்பி கண்ணாடித் தொட்டியில வைக்கணும்னு வாங்கிட்டு வந்தாவ. கடலுக்குள்ள முங்கி ஒடைச்சு எடுத்ததாம். விளக்க அணைச்சா பூ மாதிரி விரியும்.”

“பெறகு?”

“தொட்டித் தண்ணி கலங்கிட்டு. மூலிகைத் தண்ணியாச்சேன்னு நாந்தான் அருவியில கேன்ல புடிச்சாந்து, பழசக் கொட்டிட்டு ஊத்துனேன். உப்புத் தண்ணியில வளந்ததுன்னு எனக்குத் தோணவே இல்ல. காலையில பாத்தா சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கு.”

“வித்தவன் என்ன சொல்லுதான்?”

“பவளத்த விக்கதும் வச்சிருக்கதும் கேஸாம். வெளிய மூச்சு விடாதீய, வேற கொண்டாந்து தாரேன்னான். நான் வேண்டாம்னுட்டேன். ஒரு பாவம் போதும்.”

“செத்தத என்ன செஞ்ச?”

“தூரப் போட மனசு வரல. கழுவி ஷோகேஸ்ல வச்சிருக்கேன். வீட்டுக்கு வாரவுக எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்லுதாவ.”

மூத்தவள் சாரல் அடித்த ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.

“எனக்கும் ஒண்ணு சொல்லி வையி. செத்ததாவே கொண்டாரச் சொல்லு. தண்ணி மாத்துத சோலி இருக்காதுல்லா.”